ஈறு நோய்க்கு லேசர் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 54. நெடுநாளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறது; கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. நாகர்கோவிலில் ஒரு பல் மருத்துவமனையில், "கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், லேசரிலேயே சரிசெய்துவிடலாம்" என்றார்கள். கட்டணம்தான் மலைக்க வைக்கிறது. செய்துகொள்ளலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: லேசரா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், உங்கள் ஈறின் ஆழத்தை அளந்தார்களா என்று கேளுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாகச் செலுத்தி, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளப்பது வழக்கம். 3 மி.மீ. வரை இருந்தால் இயல்பு. 5, 6 என்று போனால், பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்கியிருக்க வாய்ப்புண்டு. எந்த அளவுக்குக் கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும். இந்த அளவுகளைக் குறிக்காமலே கட்டணத்தைச் சொல்லும் இடத்தில் நான் சற்றுத் தயங்குவேன்.

நோய்க்கு மூலகாரணம் வேரில் ஒட்டியிருக்கும் கிருமிப் படலமும் அது இறுகி உண்டான காரையும்தான். அவற்றை ஸ்கேலிங் செய்து அகற்றி, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியிலுள்ள வேர்ப்பரப்பையும் சுரண்டிச் சுத்தம் செய்வதே அடிப்படைச் சிகிச்சை. பல மருத்துவமனைகளில் இருக்கும் டயோடு லேசர் நோயுற்ற மென்திசுவை அகற்றும், கிருமிகளைக் குறைக்கும். ஆனால் காரையைப் பெயர்க்காது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கிருமிகளைக் கொல்ல உதவும் சாயத்தை ஈறில் சேர்க்காமல் பயன்படுத்தும் சாதாரண டயோடு லேசரை ஸ்கேலிங்கோடு கூடுதலாகச் செய்யும்படி பரிந்துரைக்கவில்லை. 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசரைக் கொண்டு, ஸ்கேலிங்கையும் உள்ளடக்கிச் செய்யப்படும் ஒரு தனி முறைக்கு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் அதைக் காட்டி எல்லா லேசரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. எந்த லேசர், ஸ்கேலிங்குக்குப் பதிலாகவா, அதோடு சேர்த்தா என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களைப் பொறுத்தவரை சர்க்கரைதான் பெரிய விஷயம். சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் எளிதில் இறங்காது. ஆகவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனை முடிவோடு ஈறு நோய்ச் சிறப்பு மருத்துவரைப் பாருங்கள். முதலில் ஸ்கேலிங்கும் வேர்ச் சுத்தமும் செய்துகொண்டு, இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். ஆழம் குறைந்து, இரத்தக் கசிவும் நின்றிருந்தால் லேசருக்குச் செலவழிக்க வேண்டிய தேவையே எழாது. கட்டணம் சுமையாக இருந்தால் குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கும் விசாரித்துப் பார்க்கலாம்.

கேள்வி: க்ளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று எங்கள் வீட்டில் தடுக்கிறார்கள். உமிக்கரி போட்டுத் தேய்த்தாலே காரை போய்விடும் என்கிறார்கள். சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டுமே சரியல்ல. எலும்பு கரைந்த பல்லைச் சுற்றிலும் காரை முட்டுக்கொடுத்தாற்போல் நிற்கும். அதை எடுத்ததும் முன்பே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. பழி ஸ்கேலிங்கின் மேல் விழுகிறது. இறுகிய காரையை உமிக்கரி அசைக்காது. சொரசொரப்பான கரியை அழுத்தித் தேய்த்தால் எனாமல் தேய்ந்து, பற்கூச்சம்தான் மிஞ்சும்.

கேள்வி: இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேலிங் செய்வதற்காக அதை நிறுத்தலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது. மாத்திரைச் சீட்டைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே காட்டுங்கள். தேவையானால் அவர் உங்கள் இதய மருத்துவரைக் கலந்துகொள்வார்.