அப்பாவின் காது

“மாடு, கன்று, தோட்டம் என்று வளர்ந்து அரசாங்க வேலைக்குப் போனவர்களிடம் அந்தப் பழைய வாழ்க்கையில் ஏதாவது மிஞ்சியிருக்குமா? உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் அப்பா இருக்கிறார். அவரிடம் மிஞ்சியது காது.

அப்பா பிறந்தது 1952-ல், மலேசியாவில், பிறை என்ற ஊருக்குப் பக்கத்தில். தாத்தா ஒரு ரப்பர் தோட்டத்து ஓரத்தில் கொட்டகை போட்டுப் பதினொரு மாடு வைத்திருந்தார். நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, போத்தல்களில் ஊற்றி, சைக்கிளில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் அப்பா தமிழ்ப்பள்ளிக்குப் போவாராம். ஆறாம் ஆண்டு முடிந்து, இடைநிலைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் உட்கார்ந்து, அப்புறம் அந்தப் பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தார். சட்டையில் சாண வாடை வருகிறது என்று தள்ளி உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. அதைச் சொல்லும்போது அப்பா முகம் மாறாது. எனக்குத்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

தாத்தா சொல்லிக்கொடுத்த முதல் வைத்தியம், மாட்டின் இடது பக்கம், கடைசி விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்பது. பெரிய இரைப்பை அங்கேதான் இருக்கிறது. நல்லா இருக்கிற மாடு என்றால் நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை தூரத்து இடி மாதிரி உள்ளே உருளும். அந்தச் சத்தம் இல்லையென்றால் மாட்டுக்கு என்னவோ ஆகிவிட்டது. தீவனத்தை நிறுத்தி, உடனே பார்க்க வேண்டும். தினமும் பதினொரு மாட்டின் வயிற்றிலும் காது வைத்துவிட்டுத்தான் அப்பா சைக்கிளை எடுப்பார்.

1973-ல் தண்ணீர் வாரியத்தில் வேலை கிடைத்தது. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குக் கடலுக்கடியில் குழாய் வந்ததும் அதே வருஷம்தான். பினாங்குப் பாலம் வர இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தது. சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீர் கடலுக்குக் கீழே போகும், அப்பா ஃபெரியில் கடலுக்கு மேலே போவார். கல்யாணம் ஆன பிறகு தீவுக்கே வந்துவிட்டார்கள். நான் பிறந்து வளர்ந்தது ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில்.

கொஞ்ச காலம் கழித்து அப்பாவைக் கசிவு பார்க்கும் குழுவில் போட்டார்கள். தண்ணீர்க் குழாய் எல்லாம் பீய்ச்சி அடித்து உடைவதில்லை. பல கசிவுகள் மண்ணுக்குள்ளேயே ஓடிப் பக்கத்துச் சாக்கடையில் கலந்துவிடும், மேலே ஈரம்கூடத் தெரியாது. மழையே பெய்யாத நாளில் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடினால் அப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திவிடுவார். இன்றைக்கும் மலேசியாவில் சுத்திகரித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமல் போகிறது. பினாங்கில் அது குறைவு. எப்படிக் குறைந்தது என்று யாராவது கேட்டால் எனக்கு அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ராத்திரி ரோட்டில் மண்டி போட்டிருந்ததுதான் ஞாபகம் வருகிறது.

வேலை ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை. அப்போதுதான் வாகனச் சத்தம் அடங்கும். வீடுகளில் யாரும் குழாயைத் திறக்க மாட்டார்கள், உள்ளே அழுத்தமும் கூடுதலாக இருக்கும். கையில் ஓர் ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் கிண்ணம் மாதிரி மரக்கட்டை. கம்பி நுனியை வால்வின் மேல் வைத்து, கட்டையில் காதைப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார். யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம் என்றால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். கசிவு நிற்காது. சின்ன ஓட்டை என்றால் கூர்மையாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறும், பெரிய விரிசல் என்றால் அடித்தொண்டையில் உறுமும். பள்ளி விடுமுறையில் ஒரு தடவை, நான் அழுது அடம் பிடித்ததால், டத்தோ கெராமாட் சாலைக்குக் கூட்டிப்போனார். காது வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. “கண்ணை மூடும்மா. காது தானா திறக்கும்” என்றார். மூடினேன். ரொம்பத் தூரத்தில் யாரோ அரிசி புடைப்பது மாதிரி கேட்டது. மறுநாள் அந்த இடத்தில் தோண்டினார்கள், தண்ணீர் வந்தது.

அந்தக் காதுதான் என்னைப் பிழைக்க வைத்தது என்று நான் நம்புகிறேன். எனக்கு அப்போது ஆறு வயது. நாலைந்து நாளாகக் காய்ச்சல், இருமல். ஒரு கிளினிக்கில் காட்டினோம், பெயர் வேண்டாம். சளிதான் என்று இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி அப்பா வேலைக்குக் கிளம்பி, பூட்ஸ் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்க வந்தார். என்னைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் காதை வைத்தார். தாடி குத்தியது, காது மடல் சில்லென்று இருந்தது. வலது பக்கம் ரொம்ப நேரம் கேட்டார். இடது பக்கம் அதைவிட நேரம். மறுபடி வலது பக்கம். எழுந்து அம்மாவிடம், “இடப்பக்கம் சத்தமே இல்ல. பிள்ளைக்குத் துணி மாத்து” என்று மட்டும் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது, நிமோனியா முற்றி இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. ஊசியால் அந்த நீரை எடுத்தார்கள். பதினேழு நாள் அங்கே இருந்தேன். அப்பா ராத்திரி வேலையை விடவில்லை, விட முடியாது. நாலு மணிக்கு வேலை முடிந்து, ஈரச் சட்டையோடு நேராக என் வார்டு வாசலுக்கு வந்து, நர்ஸ் உள்ளே விடும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நாலு மணிக்கு அப்பா வந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு நானாகவே விழித்துக்கொள்வேன்.

வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. பால் கணக்கு எழுதிய பழக்கம். முன்பக்கம் எங்கள் வீட்டு மீட்டர் எண். படுக்கும்முன் ஒரு தடவை, விடிகாலை ஒரு தடவை எழுதுவார். யாரும் தண்ணீர் எடுக்காமல் எண் நகர்ந்திருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். பின்பக்கம் நாங்கள். என் காய்ச்சல் டிகிரி, தம்பியின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் வளையல் அடகுக்குப் போன தேதி, மீண்டு வந்த தேதி. ஒரு பக்கத்தில் “அம்மாவுக்குப் புடவை, 45 வெள்ளி” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. அவருக்கு அது எவ்வளவு சந்தோஷமான செலவு என்று அந்தக் கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

55 வயதில் ஓய்வு பெற்றார். கடைசி வருஷங்களில் பிளாஸ்டிக் குழாய் அதிகமாகிவிட்டது, இரும்பு மாதிரி அது சத்தத்தைக் கடத்தாது, கருவிகள் வந்துவிட்டன. அதில் அவருக்கு வருத்தம் இல்லை. “இளைஞருங்க முட்டி பிழைச்சுது” என்றார்.

இப்போது அவருக்குக் காது மந்தம். செவிக்கருவி போட்டிருக்கிறார். போன மாதம் ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்கு வந்தவர், வழக்கம்போல மீட்டரைப் பார்த்துவிட்டு, எண் நகர்கிறது என்றார். ஸ்க்ரூட்ரைவர் கேட்டார். நுனியைக் குளியலறைக் குழாயில் வைத்து, கருவியைக் கழற்றிவிட்டுப் பிடியில் காதை ஒட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு என் எட்டு வயது மகனைக் கூப்பிட்டு ஸ்க்ரூட்ரைவரை அவன் கையில் கொடுத்தார்.

“கண்ணை மூடிக்கய்யா. என்ன கேக்குது?”

“பாம்பு மாதிரி சீறுது தாத்தா.”

“சின்ன ஓட்டைதான்” என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து மணியைக் குறித்துக்கொண்டார்.