கோட்டோரில் எட்டு மணி நேரம்

வணக்கம்.

வரும் ஜூன் மாதம் நானும் என் கணவரும் ஏட்ரியாட்டிக் கடலில் பயணிகள் கப்பலில் போகிறோம். மான்டிநீக்ரோவின் கோட்டோர் துறைமுகத்தில் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை கப்பல் நிற்கும். கப்பல்காரர்களின் பஸ் சுற்றுலாவில் சேராமல் நாங்களே இறங்கி நடக்கலாம் என்று நினைக்கிறோம். என் தம்பி சிரிக்கிறான். "எட்டு மணி நேரத்தில் ஒரு ஊரைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்" என்கிறான். அவன் சொல்வது சரியா? கணவருக்கு முழங்கால் வலி உண்டு. கோட்டைக்கு ஏற முடியுமா? நேரத்துக்குத் திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்குமா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் தம்பி சொல்வதில் பாதி சரி. எட்டு மணி நேரத்தில் எந்த ஊரும் பிடிபடாது. எட்டு நாளிலும் பிடிபடாது. ஆனால் கோட்டோர் ஒரு துறைமுக நகரம். சரக்கை இறக்கிவிட்டுக் காற்று வாய்த்ததும் கிளம்பிவிடும் மாலுமிகளை நூற்றாண்டுகளாகப் பார்த்துப் பழகிய ஊர். அரைநாள் விருந்தாளி அங்கே புதியவரல்ல. வந்து இறங்குபவருக்கு வேண்டியதெல்லாம் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும்படி வளர்ந்த ஊரை நடந்து பார்ப்பதுதான் முறை. பஸ்ஸில் ஏறினால் மலைப்பாதை வளைவுகளையும் முன்னால் இருப்பவரின் பின்மண்டையையும் பார்க்கலாம்.

கப்பல் கரையை ஒட்டி நின்றால் பழைய நகரின் கடல் வாசல் சில நிமிட நடைதான். நடுநீரில் நங்கூரமிட்டால் சிறு படகில் கொண்டுவந்து விடுவார்கள்; வரிசையில் கொஞ்சம் நேரம் போகும். அந்த வாசல் 1555-இல் கட்டப்பட்டது. 1420 முதல் 1797 வரை ஊர் வெனிஸின் ஆளுகையில் இருந்தது என்பதற்கு வெனிஸின் சின்னமான, சிறகு முளைத்த சிங்கம் சாட்சி. வாசலின் மேலே செதுக்கியிருக்கும் தேதியோ 1944 நவம்பர் 21. நாஜிப் படைகளிடமிருந்து ஊர் விடுபட்ட நாள். நுழைந்ததும் ஆயுதச் சதுக்கம், அதில் 1602-ஆம் ஆண்டின் மணிக்கூண்டு. அதன் காலடியில் நிற்கும் கல்லைக் கவனியுங்கள். குற்றவாளிகளைக் கட்டி ஊரார் முன் அவமானப்படுத்திய இடம் அது. பெரும்பாலானவர்கள் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அதற்குப் பிறகு வரைபடத்தை மடித்து வைத்துவிடலாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஸ்கூர்டா ஆறு, மூன்றாம் பக்கம் செங்குத்தான மலை. நடுவே முக்கோணமாக ஊர். தொலைந்துபோக நினைத்தாலும் முடியாது. மாவுச் சதுக்கம், பால் சதுக்கம், கீரைச் சதுக்கம் என்று சந்துகள் ஒன்றில் ஒன்று திறந்துகொண்டே போகும். தேய்ந்து வழவழத்த சுண்ணாம்புக்கல் தரை. மழை பெய்தால் வழுக்கும், காலணி முக்கியம்.

1166-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித டிரைஃபன் பேராலயத்துக்கு எல்லோரும் போவார்கள், நீங்களும் போங்கள். 1667-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அதன் முகப்பும் கோபுரங்களும் விழுந்து, மறுபடி கட்டினார்கள். 1979 ஏப்ரல் 15 அன்று வந்த நிலநடுக்கத்தில் ஊரே குலைந்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, கூடவே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலிலும். 2003 வரை அதில்தான் இருந்தது. நீங்கள் பார்க்கும் பழமையின் பெரும்பகுதி, அந்தக் கால் நூற்றாண்டில் பொறுமையாகச் சீர்செய்தவர்களின் வேலை.

ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் நான் பேராலயத்தை விட்டுவிட்டுப் புனித லூக்கா ஆலயத்தைச் சொல்வேன். 1195-இல் கட்டிய சிறிய கட்டடம். பதினேழாம் நூற்றாண்டில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கும் அங்கே வழிபட இடம் கொடுத்தார்கள். ஒரே கூரையின் கீழ் கத்தோலிக்கப் பலிபீடம் ஒன்றும் ஆர்த்தடாக்ஸ் பலிபீடம் ஒன்றும் உண்டு. தரையில் பாவியிருப்பவை கல்லறைக் கற்கள். யார் யாருக்கு இடம் கொடுத்தார்கள், எந்த நெருக்கடியில் கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டு அங்கே பத்து நிமிடம் உட்காரலாம். வழிகாட்டியின் கொடியைப் பின்தொடரும் கூட்டத்துக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்காது.

கோட்டைக்குச் சுமார் 1,350 படிகள். உச்சி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர். கட்டணம் உண்டு. கணவருக்கு வேண்டாம் என்பேன். முழங்கால் வலிக்காரரை ஏற்றத்தைவிட இறக்கம்தான் தண்டிக்கும். அவர் சதுக்கத்தில் காப்பியோடு உட்காரட்டும், நீங்கள் ஏறுங்கள். மலை கிழக்கே இருப்பதால் காலையில் படிகள் நிழலில் இருக்கும். கப்பலிலிருந்து இறங்கியதும் நேரே அங்கே போய்விடுங்கள். ஜூன் மாத நடுப்பகல் வெயிலில் அந்தப் படிகளில் ஒதுங்க இடமில்லை. பாதி வழியில் 1518-ஆம் ஆண்டின் ஒரு மாதா ஆலயம் வரும். அங்கிருந்தே ஊரின் செங்கூரைகளும் விரிகுடாவும் தெரியும். அதோடு திரும்பினாலும் குறையில்லை. ஊருக்குள் கூட்டம் நெரியும் நேரத்தில் நீங்கள் மேலே இருப்பீர்கள், அது கூடுதல் லாபம்.

மதிய உணவுக்குக் கப்பலுக்குத் திரும்பாதீர்கள். காசு கட்டிய சாப்பாடு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும்தான். ஆனால் காலையில் கப்பலில் சாப்பிட்டு, மதியமும் கப்பலுக்கே ஓடிவிடுபவர்களால் ஊருக்கு நெரிசல் மட்டுமே மிச்சம். பழைய மாலுமிகளாவது கரையில் செலவழித்தார்கள். மான்டிநீக்ரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனாலும் புழங்குவது யூரோதான்.

கப்பல் காத்திருக்காது. அவர்களே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். நீங்களாக நடக்கப் போனால் பொறுப்பு உங்களுடையது. நான்கு மணிக்குக் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் மூன்றரைக்கே ஏறியிருக்க வேண்டும். கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்கு வரும் தினசரித் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். அதையும் பாஸ்போர்ட் நகலையும் பையில் வையுங்கள்.

கப்பல் கிளம்பியதும் அறைக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். மேல்தளத்தில் வலதுபக்கம் நின்றால் பெராஸ்ட் என்ற சிற்றூரும் அதன் எதிரே இரண்டு தீவுகளும் வரும். ஒன்று இயற்கையானது. இன்னொன்று, பழைய கப்பல்களைக் கற்களோடு மூழ்கடித்து மனிதர்கள் உண்டாக்கியது. இப்போதும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று படகுகளில் போய்க் கல் போடுகிறார்கள். அதைத் தாண்டினால் வெரிகே நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 340 மீட்டர்தான். உங்கள் கணவர் படியேறாமல் பார்க்கக்கூடிய மிகச் சிறந்த காட்சி அதுதான். காலையில் உள்ளே வரும்போதும் இதே வழிதான். ஆறு மணிக்கு அவரை எழுப்பிவிடுங்கள், அப்போது பெராஸ்ட் இடதுபக்கம்.