மணிக்கட்டுக்கு 'மேலே' என்றால் எந்தப் பக்கம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவின் வலக்கை எக்ஸ்ரே அறிக்கையில் 'டிஸ்டல் ரேடியஸ் பிராக்சர், டோர்சல் அங்கியுலேஷன்' என்று எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுப் படத்தின் அறிக்கை வலது நுரையீரலில் சளி என்கிறது. படத்திலோ வெண்மை இடப்பக்கம் தெரிகிறது. படம் மாறிவிட்டதா?"

படம் மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நெஞ்சுப் படத்தை, நோயாளி நமக்கு எதிரே நம்மைப் பார்த்து நிற்பதாகக் கொண்டே பார்ப்பது வழக்கம் என்பதால், அவருடைய வலப்புறம் நம் இடக்கைப் பக்கம் வரும். மூலையில் பதிந்திருக்கும் 'ஆர்' அல்லது 'எல்' என்ற ஆங்கில எழுத்து நோயாளியின் வலத்தையும் இடத்தையுமே குறிக்கும். சீடி ஸ்கானின் குறுக்குவெட்டுப் படங்களும் இப்படித்தான். மல்லாந்து படுத்தவரைக் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் அவை அமையும். ஐயம் தீராவிட்டால் படத்திலுள்ள பெயரையும் திகதியையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இனி மணிக்கட்டு. உடலமைப்பைச் சொல்லும் சொற்கள் யாவும் ஒரே நிலையை வைத்து அளக்கப்படுகின்றன: நிமிர்ந்து நின்று, முகம் முன்னோக்கி, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்புறம் காட்டும் நிலை. இப்படி நின்றால் பெருவிரல் உடலின் நடுக்கோட்டிலிருந்து விலகி வெளிப்பக்கம் அமையும்; அதுவே 'லேட்டரல்'. நடுக்கோட்டை நெருங்கிய பக்கம் 'மீடியல்', அதாவது இங்கே சுண்டுவிரல் பக்கம். உங்கள் அம்மா கையைத் துணித்தூளியில் வயிற்றோடு அணைத்து வைத்திருந்தாலும் பெருவிரல் பக்கம் லேட்டரலாகவே இருக்கும். உடல் திரும்பினாலும் சொல் திரும்பாது. ஆனால் எக்ஸ்ரேயில் 'லேட்டரல் வியூ' என்பது பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் என்று மட்டுமே பொருள்படும். பலர் தடுமாறும் இடம் இது.

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. பெருவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், நம் பாடநூல்கள் 'ஆரை' என்று சொல்வது. மற்றது அல்னா, அதாவது 'அரந்தி'. கையோ காலோ உடலோடு சேரும் இடத்துக்குக் கிட்ட உள்ளது 'புரொக்சிமல்', தூர உள்ளது 'டிஸ்டல்'. எனவே டிஸ்டல் ரேடியஸ் என்பது ஆரை எலும்பின் மணிக்கட்டை ஒட்டிய முனை. 'டோர்சல்' என்பது புறங்கைப் பக்கம். ஆக, முறிந்த முனை புறங்கைப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதே அறிக்கையின் பொருள். கையை ஊன்றி விழுபவர்களிடம், குறிப்பாக வயதான பெண்களிடம், அடிக்கடி காணப்படும் முறிவு இது. அந்தச் சாய்வு எவ்வளவு, நேராக்க வேண்டுமா என்பதை எலும்பு முறிவு மருத்துவர் படத்தைப் பார்த்தே முடிவு செய்வார்.

இத்தனை சொற்கள் எதற்கு என்று கேட்கலாம். 'மணிக்கட்டுக்கு மேலே வலிக்கிறது' என்று நாம் சொன்னால் அது முழங்கைப் பக்கமா, புறங்கை மீதா? தமிழில் இரண்டுக்கும் 'மேலே'தான். 'கை' என்ற நம் சொல் தோளிலிருந்து விரல்நுனிவரை நீள்கிறது; உடற்கூற்றில் 'ஆர்ம்' என்பது தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட புயம் மட்டுமே. 'லெக்' என்பதும் முழங்காலுக்குக் கீழே கணுக்கால் வரைதான். தொடை அதில் சேராது. கொழும்பில் வைத்தியரிடம் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்ற சொல்லைத் தமிழில் வழங்கியவர். அந்தச் சொல்லே இன்று நம் பேச்சில் இல்லை.

ஆகவே அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது, 'வலது முன்கை, மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரலளவு தள்ளி, பெருவிரல் பக்கம், புறங்கைப் புறமாக' என்று அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள்; கட்டுப் போடாத இடமானால் ஒற்றை விரலால் தொட்டும் காட்டட்டும்.