பாணி மருந்தின் மூடியால் எண்ணெய் அளக்கலாமா?

"எங்கள் ஊர் வெல்லாவெளிப் பக்கம். வயலுக்கு எண்ணெய் அடித்துவிட்டு வரும் நாட்களில் கணவருக்குத் தலையிடி, ஓங்காளம், சில வேளை கண்ணும் மங்கலாகிறது. இரண்டு பனடோல் போடுவார். குறையாவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் இன்னும் இரண்டு. இளநீர் குடித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்கிறார். எண்ணெயைப் பக்கத்து வயற்காரரோடு பங்கு போட்டு, சோடாப் போத்தலில் கொண்டுவந்து குசினித் தட்டில் வைப்பார். எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. அவளுடைய காய்ச்சல் பாணியோடு வந்த சின்ன மூடியால்தான் அந்த மஞ்சள் எண்ணெயை அளப்பார். பிறகு நன்றாகக் கழுவி வைக்கிறோம். இத்தனை பனடோல் போடுவது ஈரலுக்குக் கூடாது என்கிறார்களே, உண்மையா?"

– ஒரு வாசகி, படுவான்கரை

மகள், நீங்கள் கேட்டது பனடோலைப் பற்றி. எனக்கோ கடிதத்தின் கடைசிக்குக் கிட்ட வந்த அந்தச் சின்ன மூடியைத் தாண்டிப் போக முடியவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் நான். அந்த மூடியில் 2.5, 5 என்று கோடு போட்டிருக்கும் இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டி எத்தனையோ தாய்மாரிடம் கொடுத்திருக்கிறேன். அதே மூடி வயல் வரம்புக்கும் போய்வரும் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

இதை வாசித்து முடிப்பதற்கு முதல் எழுந்துபோய் அந்த மூடியை உடைத்து எறியுங்கள். கழுவினால் போகாதா என்பீர்கள். நாம் எண்ணெய் என்று சொல்லும் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் தண்ணீரில் மட்டும் கரைந்தவை அல்ல. பலவற்றில் மண்ணெண்ணெய் போன்ற திரவங்கள் கலந்திருக்கின்றன. அவை பிளாஸ்டிக்கில் ஊறும், கோட்டின் இடுக்கில் ஒட்டும். மூக்கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

பாமசியில் ஊசி இல்லாத சிரிஞ்சு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேக்கரண்டி வேண்டாம், வீட்டுக்கு வீடு அதன் அளவு வேறு. பரசிற்றமோல் பாணியில் பெரும்பாலும் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். 250 என்று எழுதியதும் உண்டு, நிறம் ஒன்றாகவே இருக்கலாம். பிள்ளையின் வயதை விட நிறைதான் கணக்கு: ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோப் பிள்ளைக்கு 120 பாணி 5 மில்லிலீற்றர் போதும். 250 பாணியை அதே அளவு கொடுத்தால் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். தடவைக்குத் தடவை குறைந்தது நான்கு மணித்தியாலம் விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

அடுத்தது சோடாப் போத்தல். நான் வேலை செய்த ஓர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மத்தியானம் நான்கு வயதுப் பையன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். வாயில் நுரை, சட்டை முழுக்க வியர்வை. டொக்டர் முதலில் கேட்டது, "என்ன எண்ணெய்?" தகப்பன் சொன்னார், "கறுப்பு எண்ணெய் டொக்டர்." அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. நம் பக்கத்தில் புழுவுக்கு அடிப்பதும் எண்ணெய், களைக்கு அடிப்பதும் எண்ணெய், தலைக்கு வைப்பதும் எண்ணெய். ஆனால் ஆஸ்பத்திரியில் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஓகனோபொஸ்பேற் வகைப் பூச்சிகொல்லி என்றால் அற்றோபின் ஊசி உயிரைக் காக்கும். பரக்குவாற் போன்ற களைகொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. பரக்குவாற்றையும், ஓகனோபொஸ்பேற் வகையைச் சேர்ந்த டைமெதோவேற், பென்தியோன் இரண்டையும் 2008 தொடக்கம் 2011 வரையான காலத்தில் படிப்படியாக நம் நாட்டில் நிறுத்தினார்கள். அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான். தகப்பன் திரும்ப ஊருக்குப் போய் லேபிள் உள்ள போத்தலைத் தேடிக் கொண்டுவரும் வரை வார்ட்டில் நாங்கள் நின்ற நிலையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

ஆகவே பங்கு போடுவதென்றால் வயலிலேயே டாங்கியில் கலக்கும்போது போடட்டும். வீட்டுக்கு வருவது கடையில் வாங்கிய அதே போத்தலாக, லேபிள் கிழியாததாக இருக்க வேண்டும். அதுவும் குசினிக்குள் வரக் கூடாது. வெளியே ஒரு பெட்டி, அதற்கு ஒரு பூட்டு. வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரை டாங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள். வாய்க்காலில் மிதக்கவிட வேண்டாம். அதைப் பொறுக்கித் தண்ணீர் அள்ள ஒரு பிள்ளை எப்போதும் இருக்கும்.

இனி உங்கள் கணவரின் தலையிடி. வெயில் என்று அவர் சொல்லுவார், பாதி உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணெய் அடித்த அன்று ஓங்காளத்தோடு கண்ணும் மங்கினால் அது வெயில் மட்டும் அல்ல. எண்ணெய் வாய்வழிதான் உள்ளே போகும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தோல் வழியாகவும் போகும். முதுகில் சுமக்கும் டாங்கி கசிகிறதா பாருங்கள். சேட்டின் பின்பக்கம் நனைந்திருந்தால் கசிகிறது. முனை அடைத்தால் வாயால் ஊதுகிறாரா? அடிக்கிற இடைவெளியில் அதே கையால் வெற்றிலை மடிக்கிறாரா? இரண்டுக்கும் நீங்கள் 'ஓம்' என்று தலையாட்டுவது எனக்கு இங்கே இருந்தே தெரிகிறது. முழுக்கைச் சேட்டு, நீளக் காற்சட்டை, கையுறை, காற்றுக்கு முதுகு கொடுத்து அடிப்பது, வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பது. அந்த உடுப்பைப் பிள்ளையின் உடுப்போடு ஊறப்போடாமல், குடிநீர்க் கிணற்றுக்குத் தள்ளி வைத்துத் தோயுங்கள்.

அளவுக்கு மேல் வியர்வை, வாயில் எச்சில் ஊறுதல், கண்ணீர், கண்மணி ஊசித் துளை போலச் சுருங்குதல், சதை துடித்தல், மூச்சு முட்டுதல். இதில் ஒன்றைக் கண்டாலும் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இளநீர், பால், மோர், உப்புத் தண்ணீர் எதுவும் இந்த நஞ்சை முறிக்காது. யாராவது எண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம். அந்த மண்ணெண்ணெய்க் கலப்பு வெளியே வரும் வழியில் நுரையீரலுக்குள் இறங்கினால் இன்னொரு ஆபத்து. நனைந்த உடுப்பைக் கழற்றி, உடம்பைக் கழுவி, லேபிளோடு போத்தலையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலக்கம் 011 2686143. பூட்டுப் போட்ட பெட்டியின் மூடியிலேயே அதை எழுதி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் வைத்தால், "இப்ப சுகம்தானே" என்று அடுத்த நாளே துண்டு வெட்டச் சொல்லி அவசரப்பட வேண்டாம். ஓகனோபொஸ்பேற் நஞ்சில் ஆள் தெளிந்த பிறகும், ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் திடீரென்று தளர்ந்துபோவது உண்டு. 1987இல் இதை உலகுக்கு எழுதிக் காட்டியவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும்தான்.

இப்போது பனடோல். ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் பரசிற்றமோல். வளர்ந்த ஆளுக்கு ஒரு தடவையில் இரண்டு, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் இல்லை, இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் இன்னும் இரண்டு என்பது பிழை. தடிமனுக்குக் கடையில் கொடுக்கும் குளிசை பலவற்றிலும் இதே பரசிற்றமோல் இருக்கிறது, அதையும் கணக்கில் சேருங்கள். அவர் பின்னேரத்தில் சாராயம் பாவிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பாவிப்பவர் என்றால் எட்டுமே கூடுதல். ஈரல் பழுதாவது அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். அளவு மிஞ்சிவிட்டது என்று சந்தேகம் வந்தால் மஞ்சளுக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எட்டு மணித்தியாலத்துக்குள் போனால் முறிமருந்து மிக நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று. சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அதை எண்ணெய்க் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு முன்கூட்டியே போடும் டொக்சிசைக்கிளினைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் இலவசமாகத் தருவார்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சிய குளிசையை வாங்கிப் போட வேண்டாம்.

அவரோடு சண்டை பிடிக்காமல் இதை வாசித்துக் காட்டுங்கள், சோறு தின்று முடிந்த பிறகு. கண் மங்கலைப் பற்றி டொக்டரிடமும் ஒரு முறை போய்ச் சொல்லட்டும். போகும்போது, அடுத்த முறை எனக்கு எழுதும்போதும், அந்த எண்ணெயின் பெயரை லேபிளில் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சள் எண்ணெய் என்றால் டொக்டருக்கும் விளங்காது, எனக்கும் விளங்காது.