அந்த 5 சதவீதக் கணக்கு உங்களுக்கானது இல்லை

கேள்வி: வியாசர்பாடியில் நான்கு மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தும் சின்ன டிரஸ்ட் எங்களுடையது. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிகளுக்காகச் செலவிடும் பணம்) தர முன்வந்திருக்கிறது. ஆனால் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, சட்டமே அப்படித்தான் என்கிறார்கள். அக்கவுன்டன்ட் சம்பளம், ஆபீஸ் வாடகையை எல்லாம் பட்ஜெட்டில் எங்கே காட்டுவது?

பதில்: சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கம்பெனி தன் சிஎஸ்ஆர் வேலைகளை நிர்வகிக்கத் தானே செய்யும் செலவுக்குத்தான் அந்த 5 சதவீத வரம்பு. களத்தில் திட்டத்தை நடத்தும் அமைப்பின் செலவு அதில் சேராது என்று கம்பெனி விவகார அமைச்சகமே 2021 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்துவிட்டது. அந்தச் சுற்றறிக்கையை மெயிலில் இணைத்து அனுப்புங்கள், தயக்கமே வேண்டாம். அதற்கு மேலும் 5-தான் என்றால் அது அவர்களுடைய கொள்கை, பேசிப் பார்க்கலாம்.

பேசுவதற்கு உங்கள் கையில் கணக்கு இருக்க வேண்டும். 'நிர்வாகம் - 2 லட்சம்' என்று ஒரே வரியில் போட்டால் யாராக இருந்தாலும் வெட்டத்தான் செய்வார்கள். பிரித்து எழுதுங்கள். அக்கவுன்டன்ட் சம்பளம் மாதம் 18,000, அவர் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்தத் திட்டத்துக்குப் போகிறது என்றால் 6,000 × 12 = 72,000, பக்கத்திலேயே 'வவுச்சர், வங்கிக் கணக்கு, காலாண்டு அறிக்கை' என்று அவர் செய்யும் வேலையையும் குறிப்பிடுங்கள். வாடகை, கரண்ட் பில், ஆடிட் கட்டணம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். டீச்சர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பொருந்துமென்றால் நிறுவனத்தின் பங்கான 12 சதவீதமும் 3.25 சதவீதமும் சம்பளத்துக்கு மேல் தனி வரியாக வர வேண்டும், பலர் விடுவது இதைத்தான்.

இந்தச் செலவையெல்லாம் 'பயிற்சி', 'இதர செலவு' என்ற தலைப்புகளில் ஒளித்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். வருடக் கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு ஆடிட்டர் பில் கேட்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

வெளிநாட்டு நிதி வாங்கினால் மட்டும் கதை வேறு. அங்கே நிர்வாகச் செலவுக்கு 20 சதவீத உச்சவரம்பு உங்களுக்கே உண்டு, வெளிநாட்டு நிதிச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்கு முன்பு அது 50 ஆக இருந்தது.

அப்புறம், ஒப்பந்தத்தில் தவணைத் தேதிகளைப் பாருங்கள். ஜூனில் மையம் திறந்து முதல் தவணை செப்டம்பரில் வந்தால் மூன்று மாதச் சம்பளத்துக்கு எங்கே போவீர்கள்? மே மாதமே முதல் தவணை வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.