சிங்கப்பூரின் முதல் அரசு: வீட்டுச் சிக்கலும் வெளிச்சிக்கலும்

புதிதாக உருவான ஒரு நாட்டின் முதல் அரசு உள்நாட்டில் அதிகம் திணறுமா, வெளியுறவில் அதிகம் திணறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவே இயலாது என்பது என் கருத்து.

1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது பிரதமர் லீ குவான் யூ அரசின் கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாலியன்கள். அவற்றிலும் மலேசியர்கள் கணிசமாக இருந்தனர். 1966 தொடக்கத்தில், சபாவில் பணி முடித்துத் திரும்பிய இரண்டாம் பட்டாலியனுக்கு உரிய முகாமை அங்கிருந்த மலேசியப் படைப்பிரிவு காலி செய்ய மறுத்துவிட்டதால், அவ்வீரர்கள் ஃபேரர் பார்க் திடலில் கூடாரமடித்துத் தங்க நேர்ந்தது. குடிநீருக்கும் மலேசிய மாநிலமான ஜொகூரையே நம்பியிருந்த அரசால் இதற்காக வெளிப்படையாகச் சண்டையிடவும் முடியவில்லை.

படையை வளர்க்க இஸ்ரேலிய ஆலோசகர்கள் அழைக்கப்பட்டனர். மலேசியாவும் இந்தோனேசியாவும் முகம் சுளிக்கும், 1964 சீன-மலாய் இனக் கலவரங்களின் காயம் ஆறாத உள்ளூர் மலாய் முஸ்லிம்களும் வருந்துவர் என்ற அச்சத்தில், அந்த ஆலோசகர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி மறைத்தார்கள். 1967-இல் கட்டாய தேசிய சேவை, அதாவது கட்டாயப் படைப்பணி, வந்தது.

ஆனாலும் பேரிடி 1968 ஜனவரியில்தான் விழுந்தது. பவுண்டின் மதிப்புக் குறைப்புக்குப் பிறகு செலவைச் சுருக்க முனைந்த பிரிட்டிஷ் பிரதமர் வில்சன், சிங்கப்பூர் உட்பட சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கேயுள்ள படைகளை 1971 இறுதிக்குள் விலக்கப்போவதாக அறிவித்தார். வெளிப்பார்வைக்கு இது பாதுகாப்புச் செய்தி. சிங்கப்பூரில் அது சோற்றுப் பிரச்சினை. பிரிட்டிஷ் படைத்தளங்களைச் சார்ந்த வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எழுத்தர், பட்டறைத் தொழிலாளி, வீட்டுப் பணியாளர் எனப் பல்லாயிரம் பேர் அதை நம்பிப் பிழைத்தனர். ஆகவே செம்பவாங் கடற்படைப் பட்டறை வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் தளமாக மாற்றப்பட்டது. அதே ஆண்டு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், வெளிநாட்டு முதலீட்டை ஈர்ப்பதற்காகத் தொழிலாளர்களின் சில சலுகைகளைக் குறைத்தது.

வெளியுறவில் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சராக இருந்து, 1967-இல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிய ஐவரில் ஒருவரானார். மறு ஆண்டே, அதில் உடனிருந்த இந்தோனேசியாவுடனான உறவுக்குச் சோதனை வந்தது. 1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூவரைக் கொன்ற இரு இந்தோனேசியக் கடற்படை வீரர்களை, இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோ விட்டுவிடக் கேட்டுக்கொண்டும் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. ஜகார்த்தாவிலிருந்த சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. சிறிய நாடு என்பதற்காகச் சட்டத்தை வளைத்திருந்தால் அடுத்த கோரிக்கையும் வந்திருக்கும் என்பதால், அந்த முடிவை நான் ஏற்கிறேன். 1973-இல் லீ அவ்விருவரின் கல்லறைகளிலும் மலர் தூவிய பின்பே உறவு சீரடைந்தது.

இந்த நெருக்கடிகளைக் காட்டி உள்நாட்டில் எதிர்ப்பை ஒடுக்கியதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இடதுசாரி எதிர்க்கட்சியான பாரிசான் சோசியாலிஸ் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வெளியேறியது அக்கட்சியின் தவறுதான். 1968 தேர்தலில் ஆளுங்கட்சி 58 இடங்களையும் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அக்கட்சியின் சியா தை போ 1966-இல் கைதாகி, 23 ஆண்டுகள் விசாரணையே இல்லாமல் சிறையில் இருந்தார். பிரிட்டிஷ் படைகள் போய், தொழிற்சாலைகள் பெருகி, ஆசியானும் வேரூன்றிய பிறகும் அவரை விடுவிக்காததற்கு எந்த வெளிநாட்டு அச்சுறுத்தலையும் காரணமாகச் சொல்ல முடியாது.