வாசகர் கேட்கிறார்: மஞ்சள் விளக்கு எரிந்தால்?

கேள்வி: குருநகரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறேன். அமோனியா கண்காணிப்புக் கருவி சில இரவுகளில் கீச்சிட்டு மஞ்சள் விளக்கைக் காட்டுகிறது. மணம் எதுவும் இல்லை. "பழுதுதான், சத்தத்தை நிறுத்திவிட்டு வேலையைப் பார்" என்கிறார் மூத்தவர். அவர் சொல்வது சரியா, ஐயா?

பதில்: சரியில்லை, தம்பி. பெரும்பாலான கருவிகளில் சிவப்பு வாயுவுக்கு, மஞ்சள் பழுதுக்கு. உங்கள் கருவியின் கையேட்டையும் ஒருமுறை பாருங்கள். பழுது என்றால் அந்த இடத்தில் காவல் இல்லை என்று பொருள். திரையில் சுழியம் தெரிந்தாலும் நம்பாதீர்கள். பொறுப்பாளருக்கு அறிவித்து, குறிப்பேட்டில் நேரத்துடன் எழுதுங்கள். திருத்தும்வரை கையடக்க அமோனியா கண்காணிப்புக் கருவி இல்லாமல் இயந்திர அறைக்குள் போகாதீர்கள்.

குளிரூட்டல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தே வாழ்ந்தவன் நான். கரையோர ஆலை ஒன்றில் இப்படிக் கத்திய உணரியைக் கழற்றினேன். உப்புக்காற்றில் செப்புக் கம்பியின் முனை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. அதற்கு முன் எத்தனை இரவுகள் அதன் ஒலியை அடக்கியிருப்பார்களோ! உணரிக்கும் ஆயுள் உண்டு. பல வகைகள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

மூக்கை நம்பாதீர்கள். அமோனியா மணத்துக்கு அது விரைவில் பழகிவிடும். பத்து இலட்சத்தில் 300 பங்கு அமோனியா கலந்த காற்றே உயிருக்கு உடனடி ஆபத்து.

சிவப்பு எரிந்தால் எங்கே கசிகிறது என்று தேடப் போகாதீர்கள். காற்று வீசிவரும் பக்கமாக வெளியேறி, ஆட்களை எண்ணுங்கள். ஒருவர் குறைந்தாலும், சுவாசக் கருவி அணிந்த, பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போகவேண்டும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு நீங்கள் ஓடிவிடாதீர்கள், தம்பி.